இறங்கியவரைத் தூக்க இன்னொருவர் இறங்கக்கூடாது

மட்டக்களப்பில் எங்கள் வீட்டுக் கிணறு இறைக்க வருபவர், முதலில் அரிக்கன் லாம்பு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்குவார். அது அணையாவிட்டால் அவரும் இறங்குவார். அந்தச் சோதனை போதும் என்றுதான் நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். அது போதாது.

2018 ஏப்ரலில் ஹொரணை, பெல்லப்பிட்டியவிலுள்ள இறப்பர் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளி ஒருவர் அமோனியாத் தொட்டிக்குள் விழுந்தார். அவரைக் காப்பாற்றப் போனவர்களும் சிக்கினர். ஐந்து பேர் இறந்தனர். மூடிய இடங்களில் இறப்போரில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1986இலேயே எச்சரித்திருந்தது.

எங்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். ஷெல் விழுந்த இடத்துக்கு யோசிக்காமல் ஓடிப்போய்த் தூக்கிப் பழகியவர்கள் நாங்கள். பங்கருக்குள் இறங்கினால் உயிர் தப்பும் என்று பழகியவர்களும் நாங்கள்தான். மலசலகூடக் குழியில் இந்த இரண்டு பழக்கமும் ஆளைக் கொன்றுவிடும்.

குழிக்குள் இருப்பது என்ன?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் சுமார் 21 சதவீதம். 19.5க்குக் கீழே போனால் ஆபத்து. சுமார் 16இல்தான் லாம்பு அணையும். 10க்குக் கீழே ஆள் மயங்கிவிடுவார், கத்தக்கூட நேரம் இராது.

மலக்கழிவு அழுகும்போது ஐதரசன் சல்பைட்டு உண்டாகும். முதலில் கூழ்முட்டை மணக்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாது. மணம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. அதே குழியில் மெதேனும் சேரும். அங்கே லாம்பை இறக்கினால் தீப்பற்றி வெடிக்கலாம்.

கிணற்றில் வேறொரு ஆபத்து. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் எத்தனையோ கிணறுகளை இயந்திரம் வைத்து இறைத்தோம். வெள்ளம் வடிந்த பின்னர் இன்றும் அப்படித்தான். பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கினால், அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு உள்ளேயே தங்கும். அதற்கு நிறமோ மணமோ இல்லை.

நிலக்கீழ்த் தண்ணீர்த் தாங்கிக்குள் பெயின்ட் அடிப்பவருக்கும் தின்னர் ஆவியால் இதே கதிதான்.

செய்ய வேண்டியவை

- பவுசரால் உறிஞ்சி எடுக்க முடியுமானால், ஆளை இறக்காதீர்கள்.
- மூடிகளை முழுவதும் திறந்து, ஊதுவிசிறியின் குழாயை அடிமட்டம்வரை விட்டு நல்ல காற்றைச் செலுத்துங்கள். வேலை முடியும்வரை அதை நிறுத்தக்கூடாது.
- வாயு அளக்கும் கருவியால் மேல், நடு, அடி மூன்றிலும் பாருங்கள். கருவி இல்லையென்றால் இறங்க வேண்டாம்.
- இறங்குபவர் உடற்பட்டி அணிந்து, கயிற்றின் மறுமுனை மேலே முக்காலியில் இருக்க வேண்டும். மேலே நிற்பவர் ஒரு நிமிடமும் விலகக்கூடாது.
- இயந்திரம் வெளியே, காற்று வீசும் திசையில் குழிக்கு அப்பால் இருக்கட்டும்.
- துணி முகக்கவசம் எந்த வாயுவையும் தடுக்காது.

உள்ளே ஒருவர் மயங்கினால் கயிற்றால் இழுங்கள், காற்றைத் தொடர்ந்து செலுத்துங்கள். 1990 அம்புலன்ஸையும் 110 தீயணைப்புப் பிரிவையும் அழையுங்கள். சுவாசக் கருவி இல்லாத எவரையும், அது மகனோ தம்பியோ ஆனாலும், இறங்க விடாமல் பிடித்து வையுங்கள்.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் முதன்மையாகத் தொழிற்சாலைகளுக்கானது. வீட்டு வளவுக்குள் நாட்கூலிக்கு இறங்குபவரை யாரும் வந்து பரிசோதிப்பதில்லை. ஆகவே வேலை கொடுக்கும் நாங்கள்தான் மூன்றைக் கேட்க வேண்டும்: காற்று ஊத என்ன இருக்கிறது? அளக்க என்ன இருக்கிறது? மேலே யார் நிற்கிறார்? ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால், அன்றைக்கு வேலை வேண்டாம்.