கிந்தோட்டையில் புறப்பட்ட குடை

சிங்களச் சிறுவர் நூல்களை எழுதி வரைந்த சிபில் வெத்தசிங்கவின் ‘குட ஹொரா’வில் (குடைக் கள்ளன்) குடையையே கண்டிராத ஒரு கிராமம் வருகிறது. மழை வந்தால் ஒருவர் வாழையிலையைத் தலைக்கு மேல் பிடிக்கிறார், இன்னொருவர் சேம்பிலையை, வேறொருவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடுகிறார். அந்த ஊர்க் கிரி மாமா பட்டணம் போய், முதன்முறையாகக் குடைகளைக் கண்டு வியந்து, ஒன்றை வாங்கி வருகிறார். ஊர் திரும்பிக் கோப்பிக் கடைக்குள் போய் வருவதற்குள் குடை களவு போய்விடுகிறது. மறுபடி வாங்குகிறார், அதுவும் போகிறது. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டுவைத்து, சிந்திக் கிடக்கும் துண்டுகளின் வழியே நடந்தால், ஒரு மரத்தில் குடைகள் வரிசையாகத் தொங்குகின்றன. கள்ளன் ஒரு குரங்கு.

வெள்ளவத்தையில் வளர்ந்த எனக்கு இந்தக் கதை முதலில் படமாகத்தான் கிடைத்தது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையின் புத்தகம் அது. ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாமலே கதை முழுவதும் விளங்கிற்று. வெத்தசிங்கவின் கோட்டுக்கு இருந்த வலிமை அது.

அந்தக் கோடு காலிக்குப் பக்கத்துக் கிந்தோட்டையில் பிறந்தது. 1927இல் அங்கே பிறந்தவர், ஆறு வயதில் கொழும்புக்கு வந்தார். படித்தது எங்கள் வெள்ளவத்தைக்கு அடுத்த பம்பலப்பிட்டியில், திருக்குடும்பக் கன்னியர் மடத்தில். பதினைந்து வயதில் அவருடைய படங்கள் கலாபவனத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றைப் பார்த்த றோயல் ஆரம்பப் பாடசாலைத் தலைமையாசிரியர் எச். டி. சுகதபால, தம் ‘நவ மக’ வாசிப்புப் புத்தகத்துக்குப் படம் வரைய அவரையே தேர்ந்தார். பள்ளிப் பிள்ளை ஒருத்தி மற்றப் பிள்ளைகளின் பாடநூலுக்குப் படம் வரைந்தாள் என்பதை இன்று நினைத்தாலும் மனம் நிறைகிறது. 1948இல் ‘லங்காதீப’ பத்திரிகையில் சேர்ந்தார், பிறகு லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தின் ‘ஜனதா’வில். அதே கட்டடத்தில்தான் தமிழ் நாளிதழான ‘தினகரன்’ அச்சாகிக்கொண்டிருந்தது.

‘குட ஹொரா’ முதலில் ‘ஜனதா’வில் வந்தது. 1956இல் புத்தகமானது. அன்றைய பத்திரிகைப் படம் எப்படி அச்சேறியது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஓவியர் தொட்டெழுதும் பேனாவாலும் கறுப்பு மையாலும் அச்சில் வரப்போகும் அளவைவிடப் பெரிதாக வரைவார். அதைப் படம்பிடித்துத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மரக்கட்டையில் அறைந்தால் ‘புளொக்’ தயார். அதன்பின் அச்சகத்தாருக்குத் தேவை புளொக் மட்டுமே. வரைந்த தாளைத் தேடுவார் எவருமில்லை. பத்திரிகைக்கு வரைந்த எத்தனையோ ஓவியர்களின் மூலப் படங்கள் இப்படித்தான் குப்பைக்குப் போயின.

மூலத்தாளில் இருப்பது அச்சில் இராது. மைக்கு அடியில் மங்கிய பென்சில் கோடு இருக்கும். கை பிசகிய இடத்தில் வெள்ளை பூசியிருக்கும். ஓரத்தில் இத்தனை அங்குலத்துக்குச் சுருக்குக என்ற குறிப்பு இருக்கும். ஓவியர் எங்கே தயங்கினார், எதை விட்டுவிட்டார் என்பதை அந்தத் தாள் ஒன்றுதான் காட்டும்.

குடையோ நிற்கவில்லை. 1986இல் இனோகுமா யோகோவின் மொழிபெயர்ப்பில் ஜப்பானுக்குப் போனது. அங்கே சிறந்த வெளிநாட்டுச் சிறுவர் நூலாகத் தெரிவானது. அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் வெளிவந்தது. வாழையிலை பிடித்து மழையில் ஓடும் தென்னிலங்கைக் கிராமத்தாரைத் தோக்கியோப் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

கதை கடல் கடந்தாலும், அதை வரைந்த தாள்களின் கதி வேறு. தாள் அழிவது என்றால் என்ன என்று தமிழரான நமக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 ஜூனில் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். அந்த வலி தெரிந்ததால்தான் 2005 முதல் ‘நூலகம்’ நிறுவனத்தார் பழைய தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக எண்ணிமப்படுத்தி வருகிறார்கள். பெரிய பணி அது. ஆனாலும் அது பெரும்பாலும் அச்சான பக்கத்தைக் காப்பது. ஓவியரின் மூலத்தாள் வேறு பராமரிப்பைக் கேட்கிறது. கொழும்பின் கடற்காற்றில் தாள் ஈரம் குடிக்கிறது, பூஞ்சணம் பிடிக்கிறது, இராமபாணம் அரிக்கிறது. அமிலமில்லாத உறையும், ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையும், தாளைக் கையாளத் தெரிந்த ஒருவரும் வேண்டும். வீட்டு அலுமாரியில் வைத்து ஒரு குடும்பம் தனியே சுமக்கக்கூடிய பொறுப்பல்ல இது. சிங்கள, தமிழ்ச் சிறுவர் நூல்களின் மூலப் படங்களுக்கென்று பொதுவில் ஓர் இடம் இந்த நகரத்தில் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

2020இல் வெத்தசிங்கவின் இன்னொரு புத்தகம், ‘வொண்டர் கிறிஸ்டல்’, கின்னஸில் இடம்பெற்றது. முடிவைப் பிள்ளைகளிடமே விட்ட கதை அது. நாடெங்குமிருந்து வந்த ஏறத்தாழ 20,000 முடிவுகளிலிருந்து 1,250 தெரிவாயின: சிங்களத்தில் 250, தமிழில் 250, ஆங்கிலத்தில் 250, மிச்சம் 500ம் படங்கள். அதே ஆண்டு ஜூலை 1ஆம் திகதி, 92 வயதில் அவர் காலமானார். அவருடைய மூலப் படங்களுக்கு ஒரு காப்பகம் அமையும்போது, இந்தப் பிள்ளைகள் வரைந்து அனுப்பிய தாள்களுக்கும் அங்கே ஓர் இறாக்கை ஒதுக்க வேண்டும்.