குழந்தைகளின் கேட்டல், பேச்சு, மொழி வளர்ச்சி

குழந்தைகளின் கேட்டல், பேச்சு, மொழி வளர்ச்சி என்பது, கருவிலேயே ஒலியை உணரத் தொடங்கும் குழந்தை படிப்படியாக ஒலிகளைப் பிரித்தறிந்து, பொருள் உணர்ந்து, தானே பேசக் கற்றுக்கொள்ளும் செயல்முறை ஆகும். கேட்டல் என்பது ஒலியை உணர்தல். பேச்சு என்பது நா, உதடு, குரல்வளை முதலியவற்றால் ஒலி எழுப்புதல். மொழி என்பது பொருளைக் குறியீடுகளால் பரிமாறிக்கொள்ளும் முறைமை. இவை மூன்றும் வேறுவேறானவை. எனினும் பேச்சும் பேச்சு மொழியும் கேட்டலை அடிப்படையாகக் கொண்டே வளர்கின்றன. ஆகவே, காது கேளாமையை முதல் சில மாதங்களிலேயே கண்டறிவது குழந்தையின் மொழி வளர்ச்சிக்கு இன்றியமையாததாகும்.

வளர்ச்சிப் படிநிலைகள்

கருவில் சுமார் 25ஆம் வாரத்தில் உட்காது ஒலிக்குத் துலங்கத் தொடங்குகிறது. பிறந்த சில நாட்களிலேயே குழந்தை தன் தாயின் குரலைப் பிற பெண்களின் குரலிலிருந்து வேறுபடுத்தி விரும்புகிறது என்பதை 1980இல் டிகாஸ்பர், ஃபைபர் ஆகியோர் ஆய்வின் மூலம் காட்டினர். பின்வரும் கால அளவுகள் தோராயமானவை. குழந்தைக்குக் குழந்தை சற்று வேறுபடும்.

பிறப்பு முதல் 3 மாதம் வரை: பேரொலிக்குத் துணுக்குறும், பழகிய குரல் கேட்டு அமைதியுறும், "ஊ", "ஆ" என ஒலியெழுப்பும்.
4 முதல் 6 மாதம் வரை: ஒலி வரும் திசைக்குத் தலையைத் திருப்பும், சிரிக்கும்.
6 முதல் 10 மாதம் வரை: "பபப", "மமம" என அசைகளை அடுக்கி மழலை பேசும், தன் பெயருக்குத் திரும்பும்.
12 மாதம் அளவில்: "அம்மா", "தாத்தா" போன்ற முதற்சொற்களைப் பொருளுடன் சொல்லும், விரும்பியதைச் சுட்டிக்காட்டும்.
18 முதல் 24 மாதம் வரை: "அம்மா வா", "பால் தா" என இரு சொற்களைச் சேர்க்கும்.

பேசுவதற்கு முன்னரே குழந்தை தன் தாய்மொழியின் ஒலிகளுக்குச் செவியைப் பழக்கிக்கொள்கிறது. வெர்க்கர், டீஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் குடும்பத்துக் குழந்தைகள் 6 முதல் 8 மாத வயதில் இந்தியின் ட, த ஒலிகளைப் பிரித்தறிந்தனர். 10 முதல் 12 மாத வயதில் அத்திறன் பெரிதும் குறைந்திருந்தது. "பட்டு", "பத்து" ஆகிய சொற்களை நாள்தோறும் கேட்டு வளரும் தமிழ்க் குழந்தைக்கோ இவ்வேறுபாடு நிலைபெறுகிறது. சொற்களோடு விகுதிகளையும் வேற்றுமை உருபுகளையும் ஒட்டிப் பேசும் ஒட்டுநிலை மொழியான தமிழில், குழந்தைகள் அவற்றை இளவயதிலேயே கையாளத் தொடங்குகின்றனர் என்பதை இராகவேந்திரா, லெனார்டு ஆகியோரின் ஆய்வு (1989) காட்டுகிறது.

வட்டார வழக்கும் பேச்சுக் குறைபாடும்

ழ, ற போன்ற ஒலிகள் பிற ஒலிகளைவிடக் காலந்தாழ்ந்தே கைகூடுகின்றன. வடசென்னையில் பெரியவர்களே "வாழைப்பழம்" என்பதை "வாயப்பயம்" என்றும், "இழுத்து" என்பதை "இஸ்து" என்றும் கூறுவதுண்டு. அங்கு வளரும் குழந்தை அவ்வாறே பேசினால் அது குறைபாடு அன்று. கேட்டதைச் சரியாகக் கற்றுள்ளது என்பதற்கே சான்றாகும். அதுபோல, வீட்டில் தமிழுடன் தெலுங்கோ, உருதோ, இந்தியோ பேசப்படுவதும் காது கேளாமைக்கோ மொழிக் குறைபாட்டுக்கோ காரணம் ஆகாது.

காது கேளாமை மறைந்திருக்கும் விதம்

பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 1 முதல் 3 குழந்தைகளுக்கு நிலையான கேட்டல் குறைபாடு உள்ளதாக மதிப்பிடப்படுகிறது. இக்குழந்தைகளும் முதல் மாதங்களில் அழும், சிரிக்கும், "ஊ" கொட்டும். அசைகளை அடுக்கும் மழலை உரிய காலத்தில் தோன்றாதபோதுதான் வேறுபாடு வெளிப்படும். அப்போதும் "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்", "அவன் அப்பாவும் அப்படித்தான்" என்று காத்திருப்பதால் அரிய காலம் வீணாகிறது.

கைதட்டியும் தட்டை ஒலித்தும் பார்ப்பது நம்பத்தக்க சோதனை அன்று. குழந்தை கையசைவைக் கண்டோ, காற்றின் அசைவை உணர்ந்தோ திரும்பக்கூடும். மாத்தூர், எண்ணூர், திருவொற்றியூர் போன்ற துறைமுக, தொழிற்சாலைப் பகுதிகளில் இக்குழப்பம் இரு வகையில் நேரலாம். கன்டெய்னர் லாரி கடக்கையில் தரை அதிர்வதை உணர்ந்து விழிக்கும் குழந்தை காது கேட்பதாகத் தோன்றும். பேரொலிக்கும் விழிக்காத குழந்தையோ "சத்தத்துக்குப் பழகிவிட்டது" என்று கருதப்படும். இரண்டையும் கருவிச் சோதனையே தெளிவுபடுத்தும்.

இரைச்சலின் தாக்கம்

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பகல்நேர ஒலி அளவைக் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபெல், தொழிற்பகுதிக்கு 75 டெசிபெல் என வரையறுக்கின்றன. இரைச்சலுக்கிடையே விடுபட்ட ஒலியைப் பெரியவர்கள் தம் மொழியறிவால் நிரப்பிக்கொள்வர். மொழியையே கற்றுக்கொண்டிருக்கும் குழந்தையால் அது இயலாது. எனவே, குழந்தையிடம் பேசும்போது தொலைக்காட்சியை அணைத்து, அருகில் அமர்ந்து, முகம் பார்த்துப் பேசுவதும் தாலாட்டுவதும் பயன் தரும்.

காரணங்கள்

மரபணு வழிக் காரணங்கள் முதன்மையானவை. தமிழ்நாட்டில் வழக்கத்தில் உள்ள மாமன், அத்தை மக்களிடையேயான நெருங்கிய உறவுத் திருமணம், ஒடுங்கு மரபணுவால் வரும் காது கேளாமைக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. கருவுற்ற தாய்க்கு ஏற்படும் ரூபெல்லா தொற்று, குறைமாதப் பிறப்பு, கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஆகியனவும் காரணங்களாகும். ரூபெல்லாவைத் தடுக்கும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் 2017 பெப்ரவரியில் தொடங்கப்பட்டது.

கண்டறிதலும் சிகிச்சையும்

ஓ.ஏ.இ. சோதனையில், உறங்கும் குழந்தையின் காதில் சிறு முனை ஒன்றை வைத்து ஒலி எழுப்பி, உட்காது திருப்பி அனுப்பும் மெல்லொலி அளக்கப்படுகிறது. இதற்குச் சில நிமிடங்களே போதும், வலி இராது. ஐயமிருப்பின், நரம்பும் மூளைத்தண்டும் ஒலிக்குத் துலங்குவதை அளக்கும் பெரா சோதனை செய்யப்படுகிறது. 1 மாதத்துக்குள் முதற்சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் பயிற்சி தொடங்குதல் என்பது பன்னாட்டளவில் பின்பற்றப்படும் இலக்கு. கொலராடோவில் யோஷினாகா-இட்டானோ குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, 6 மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள் பின்னர் கண்டறியப்பட்டோரைவிட மொழியில் முன்னிற்பதைக் காட்டியது. முதற்சோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னர் குறைபாடு தோன்றக்கூடும். பேச்சு தாமதித்தால் மீண்டும் சோதிக்க வேண்டும்.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவிக் காது கேளாமையும் அடங்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்த உதவுகிறது. வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உள்ளது. 1969இல் சென்னையில் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, காது கேளாத இளங்குழந்தைகளுக்குப் பயிற்சி அளித்து வரும் பள்ளியாகும்.

காது கேட்கும் கருவியோ காக்ளியர் கருவியோ ஒலியை மட்டுமே தரும். அதை மொழியாக்குவது தொடர்பயிற்சியும் பெற்றோரின் பேச்சுமே ஆகும். சைகை மொழியும் முழுமையான மொழியே. சைகை மொழிச் சூழலில் வளரும் காது கேளாத குழந்தைகள் கைகளாலேயே மழலை பேசுவதை 1991இல் பெட்டிட்டோ, மாரன்டெட் ஆகியோர் பதிவு செய்தனர். எவ்வழியாயினும், முதல் ஆண்டுகளிலேயே குழந்தைக்கு ஒரு மொழி கிடைக்கச் செய்வதே முதன்மையானதாகும்.

இவற்றையும் பார்க்க

காது
மழலைப் பேச்சு
சைகை மொழி
சென்னைத் தமிழ்