சிறுவர் துப்பறியும் குடும்பத் திரைப்படங்கள்

ஒரு திருட்டையோ, காணாமற்போன பொருளையோ, வீட்டார் மூடிமறைத்த இரகசியத்தையோ சிறுவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் கதையைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும்படி சொல்லும் படங்கள் இவ்வகையில் அடங்கும். பெரியவர்கள் துணைக்கு வரலாம், சிரிப்புக் காட்டலாம், கடைசியில் விலங்கு மாட்டலாம். முடிச்சை அவிழ்ப்பவர் மட்டும் சிறுவராக இருக்க வேண்டும். இந்த அளவுகோலைக் கறாராக வைத்தால் தமிழில் தேறுபவை மிகக் குறைவு. தமிழ்ப் படத்துக் குழந்தை தொலைந்துபோகும், சாட்சியாக நிற்கும், முறையிட வரும், சில சமயம் பொருளை ஒளித்தும் வைக்கும். துப்பறிகிற வேலை பெரும்பாலும் வேறொருவர் கைக்குப் போய்விடும். இந்தியாவின் மற்ற மொழிகளிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான் என்றாலும், அங்கே விதிவிலக்குகள் சற்று முன்னதாகவே வந்துவிட்டன.

தொடக்கம்

இவ்வகையின் மூலவித்து ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1929இல் எழுதிய ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ என்னும் சிறுவர் நாவல். தலைமுடி அலங்காரம் செய்து பிழைக்கும் விதவைத் தாய் 140 மார்க் பணத்தை மகனிடம் கொடுத்து பெர்லினுக்கு இரயிலேற்றி விடுகிறாள். பணம் தொலைந்துவிடக் கூடாதென்று எமில் நோட்டுகளைக் குண்டூசியால் சட்டைப் பையோடு சேர்த்துக் குத்திக்கொள்கிறான். பெட்டியில் கண்ணயர்ந்த நேரத்தில் எதிரில் இருந்தவன் பணத்தை அடித்துவிடுகிறான். அதன்பின் பெர்லின் தெருப் பிள்ளைகள் திரண்டு, திருடனை விடுதி வரைக்கும் வங்கி வரைக்கும் நிழலாகத் தொடர்கிறார்கள். நோட்டுகளில் இருந்த குண்டூசித் துளைகள்தாம் கடைசியில் திருடனைக் காட்டிக்கொடுக்கின்றன. துப்பாக்கியும் இல்லை, அதிசய சக்தியும் இல்லை. ஒரு குழந்தை தன் கையால் செய்த காரியமே தடயமாகிறது. அதற்குப் பிறகு வந்த சிறுவர் துப்பறியும் கதைகளில் நல்லவை எல்லாம் இந்தக் குண்டூசிக்குக் கடன்பட்டவை.

1931இல் கெர்ஹார்ட் லாம்ப்ரெக்ட் இதைப் படமாக்கினார். திரைக்கதை எழுதியவர் பின்னாளில் ஹாலிவுட்டில் பெரும்புகழ் பெற்ற பில்லி வைல்டர். எமிலாக ரோல்ஃப் வென்க்ஹவுஸ் நடித்தார். தொலைபேசியருகே உட்கார்ந்து செய்தி வாங்கும் பொறுப்பினால் வேட்டை முழுவதையும் தவறவிட்டும், இடத்தை விட்டு அசையாத ‘குட்டிச் செவ்வாய்’ என்னும் பொடியனாக ஹான்ஸ் லோர் நடித்தார். 1933இல் நாஜிகள் கேஸ்ட்னரின் நூல்களைப் பெர்லின் வீதியில் எரித்தபோது எமில் மட்டும் தப்பினான். நடித்த பிள்ளைகளுக்கு அந்த யோகம் இல்லை. வென்க்ஹவுஸும் லோரும் 1942இல் இரண்டாம் உலகப் போரில் மாண்டார்கள்.

போர் முடிந்ததும் பிரிட்டனில் ‘ஹியூ அண்ட் க்ரை’ (1947) வந்தது. குண்டுவீச்சில் இடிந்த இலண்டன் தெருக்களில், தங்கள் காமிக்ஸ் இதழையே திருடர்கள் இரகசியச் செய்திக்குப் பயன்படுத்துவதைச் சிறுவர்கள் கண்டுபிடிக்கும் கதை. இனிட் பிளைட்டனின் ‘ஃபேமஸ் ஃபைவ்’ ஐவரும் 1957இல் திரைக்கு வந்தார்கள்.

தமிழ் எடுத்துக்கொண்டதும் விட்டதும்

கேஸ்ட்னர் தமிழுக்கு வந்திருக்கிறார், வேறு வாசல் வழியாக. பிரிந்துபோன பெற்றோரிடம் தனித்தனியே வளரும் இரட்டைச் சிறுமியரைப் பற்றி அவர் 1949இல் எழுதிய நாவல், டிஸ்னி நிறுவனத்தின் ‘தி பேரண்ட் ட்ராப்’ (1961) ஆனது. அதைத் தழுவி ஏ.வி.எம். 1965இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் ‘குழந்தையும் தெய்வமும்’ எடுத்தது. ஜெய்சங்கரும் ஜமுனாவும் பெற்றோர். இரட்டை வேடத்தில் குட்டி பத்மினி. அதே கதை தெலுங்கில் ‘லேத மனசுலு’ (1966) ஆகவும், இந்தியில் நீத்து சிங் குழந்தையாக நடித்த ‘தோ கலியான்’ (1968) ஆகவும் போயிற்று. இரு சிறுமியரும் வீடு மாறி, பெரியவர்கள் மறைத்ததைத் தெரிந்துகொள்வது ஒருவகைத் துப்பறிதல்தான். ஆனால் தேடிப் போவது குற்றவாளியை அல்ல, அப்பா அம்மாவை. ஒரே எழுத்தாளரின் இரு கதைகளில் குடும்பத்தைச் சேர்த்துவைக்கும் கதையை நம் ஸ்டூடியோக்கள் இருகை நீட்டி வாங்கின. தெருப் பிள்ளைகள் திருடனைச் சுற்றிவளைக்கும் கதையை எவரும் சீண்டவில்லை. தாய்மார் கண்ணீர் விட்டால்தான் பகல் காட்சி நிரம்பும் என்ற கணக்கு இதற்கு முதற் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

குடும்ப மர்மம் தமிழுக்குப் புதிதும் அல்ல. எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ (1954) ஒரு வீட்டைச் சுற்றியிருப்போர் அனைவரையும் சந்தேக வளையத்துக்குள் நிறுத்தியது. ஏ.சி. திருலோகசந்தரின் ‘அதே கண்கள்’ (1967) ஒரு குடும்பத்தையே முகமூடிக் கொலைகாரனிடம் சிக்கவைத்தது. இரண்டும் ஏ.வி.எம். தயாரிப்புகள். இரண்டிலும் துப்பறிகிறவர்கள் வளர்ந்தவர்களே.

குற்றமும் குழந்தையும் ஒரே படத்தில் சந்தித்த முக்கியமான இடம் பி. மாதவனின் ‘குழந்தைக்காக’ (1968). மூன்று குற்றவாளிகள் கையில் ஒரு சிறுமி அகப்படுகிறாள். அவளால் அவர்கள் மனம் மாறுகிறார்கள். சிறுமியாக நடித்த பேபி ராணி, சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது ஏற்படுத்தப்பட்டபோது அதை முதன்முதலாகப் பெற்றவர். பாடலாசிரியருக்கான தேசிய விருதும் இதே படத்துக்காகக் கண்ணதாசனுக்குக் கிடைத்தது. சிறுமி இங்கே குற்றத்தைக் கண்டுபிடிப்பதில்லை, குற்றவாளியைக் கரைக்கிறாள். பின்வந்த பல தமிழ்ப் படங்களில் குழந்தைக்கு ஒதுக்கப்பட்ட வேலை இதுவே.

இத்தனைக்கும் அச்சில் நம் பிள்ளைகளுக்குத் துப்பறியும் கதைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்ட முத்து காமிக்ஸைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துப் படித்த தலைமுறை ஒன்று உண்டு. அந்த வாசகர் கூட்டத்தைச் சினிமா கண்டுகொள்ளவில்லை.

வங்கத்தில் ஒளித்த பிள்ளை

சத்யஜித் ராய் தாம் எழுதிய துப்பறிவாளர் ஃபெலுடாவின் கதைகளில் இரண்டைத் தாமே படமாக இயக்கினார். மேற்கு வங்க அரசு தயாரித்த ‘சோனார் கெல்லா’ (1974), முற்பிறவி நினைவுகள் இருப்பதாகச் சொல்லப்படும் முகுல் என்னும் சிறுவனைச் சுற்றி நடப்பது. முகுலாக நடித்த குஷல் சக்ரவர்த்தி தேசிய விருது பெற்றார். ஃபெலுடாவாக சௌமித்ர சட்டர்ஜியும், அவருடைய இளந்தம்பி தோப்ஷேயாக சித்தார்த்த சட்டர்ஜியும் வந்தார்கள். துப்பறிபவர் பெரியவர்தான். ஆனால் மூலக்கதையைச் சொல்பவன் வயதில் இளைய தோப்ஷே. ஆகவே பார்க்கிற பிள்ளைக்குத் தானும் கூடவே போகிற உணர்வு வருகிறது. படத்தால் ஜெய்சல்மர் கோட்டைக்கே வங்காளிகளிடம் ‘பொற்கோட்டை’ என்ற பெயர் நிலைத்து, சுற்றுலாப் பயணிகள் அங்கே திரண்டார்கள்.

இரண்டாவது படம் ‘ஜய் பாபா ஃபெலுநாத்’ (1979) இந்தக் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. காசியில் ஒரு வங்காளிக் குடும்பத்தின் பிள்ளையார் சிலை காணாமல் போகிறது. அடியாட்கள், கள்ளக்கடத்தல்காரன், கத்தி எறிபவன் என்று படம் நம்மை எங்கெங்கோ அழைத்துப் போகிறது. சிலையை ஒளித்துவைத்தவன் சாகசக் கதைகளிலேயே வாழ்கிற அந்த வீட்டுச் சிறுவன் ருக்கு. ஒளித்த இடம், பூசைக்காகத் தயாராகும் துர்க்கையின் வாகனமான சிங்கத்தின் வாய். சிலை விழாமல் ஒட்டியது சூயிங்கம். எமிலின் குண்டூசிக்குச் சரியான மறுபக்கம் இது. அங்கே பிள்ளை தடயம் வைத்தான், இங்கே பிள்ளை புதிர் வைத்தான்.

மற்ற மொழிகளில்

இந்தியக் குழந்தைகள் திரைப்படச் சங்கம் 1955இல் தொடங்கப்பட்டது. சங்கத்தின் நல்ல படங்களுள் ஒன்று சந்தோஷ் சிவனின் ‘ஹேலோ’ (1996): தாயில்லாச் சிறுமி ஒருத்தி தொலைந்த நாய்க்குட்டியைத் தேடி மும்பை முழுக்க அலைகிறாள். தேடல்தான் படம்; வழியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் ஒவ்வொரு கதை.

அளவுகோலுக்கு முழுதாகப் பொருந்துவது மலையாளத்தின் ‘மனு அங்கிள்’ (1988). திரைக்கதையாசிரியராகப் பேர் வாங்கிய டென்னிஸ் ஜோசப் முதன்முதலாக இயக்கிய படம். அருங்காட்சியகத்தில் திருடுபோன கிரீடத்தைக் கொல்லத்துப் பிள்ளைகள் துரத்துகிறார்கள். மம்மூட்டி மாமாவாகப் பின்னால் நிற்கிறார், பிள்ளைகளை முந்துவதில்லை. ஒரு பெரிய கதாநாயகன் இப்படி விட்டுக்கொடுத்தது பாராட்டத்தக்கது. ‘மின்னல்’ பிரதாபன் என்னும் அசட்டு இன்ஸ்பெக்டராக சுரேஷ் கோபி வயிறு குலுங்க வைத்தார். சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது.

தெலுங்கில் குண்ணம் கங்கராஜுவின் ‘லிட்டில் சோல்ஜர்ஸ்’ (1996), பெற்றோரை இழந்த அண்ணன் தங்கை தங்களைக் குறிவைக்கும் சதியை எதிர்கொள்ளும் கதை. பாலாதித்யாவும் காவ்யாவும் நடித்தார்கள். இந்தியில் விஷால் பரத்வாஜின் ‘மக்டீ’ (2002) ஊரே அஞ்சும் சூனியக்காரியின் மாளிகைக்குள் ஒரு வாயாடிப் பெண்ணை அனுப்பிற்று. சூனியக்காரி வெறும் ஏமாற்றுக்காரி என்று அம்பலமாகிறது. இரட்டையராக நடித்த ஸ்வேதா பாசு பிரசாத் தேசிய விருது பெற்றார். சூனியக்காரியாக வந்தவர் சபனா ஆஸ்மி.

மீண்டும் தமிழ்

மணிரத்னத்தின் ‘அஞ்சலி’யில் (1990) அடுக்குமாடிப் பிள்ளைகள் சிறையிலிருந்து வந்த அண்டைவீட்டுக்காரரைப் பயந்து பயந்து கண்காணிக்கிறார்கள். தருண், ஸ்ருதி, ஷாமிலி மூவரும் தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் அந்தக் கண்காணிப்பு கதையின் ஓரத்தில்தான் நடக்கிறது. பெரிய திரை தயங்கிய இடத்தில் தொலைக்காட்சி துணிந்தது: இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’ கிராமத்து மர்மத்தின் பெரும்பகுதியை ஒரு சிறுவனின் கண் வழியாகக் காட்டியது.

ஏ.எல். விஜய்யின் ‘சைவம்’ (2014) செட்டிநாட்டுக் கூட்டுக்குடும்பம் ஒன்றின் காணாமற்போன சேவலைப் பற்றியது. சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலை வெட்ட நாள் பார்த்ததும் சேவலைக் காணோம். நாசர் தாத்தாவாகத் தலைமை தாங்க, விடுமுறைக்கு வந்த உறவுகள் ஊரையே சல்லடை போடுகின்றன. ஒளித்துவைத்தவள் வீட்டுப் பேத்தி. நடித்தவர் சாரா அர்ஜுன். ருக்குவின் கதையை அறிந்தவர்களுக்கு இவள் அவனுடைய தங்கையாகவே தெரிவாள். ஒரு வேறுபாடு முக்கியம்: ருக்கு ஒளித்தது விளையாட்டுக்கு, இவள் ஒளித்தது ஓர் உயிரைக் காக்க. தமிழின் ஆகச் சிறந்த ‘சிறுவர் மர்மம்’ எது என்று கேட்டால், துப்பறிபவர் என்று ஒருவருமே இல்லாத இந்தப் படத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மிஷ்கினின் ‘துப்பறிவாளன்’ (2017) படத்தில் தன் நாயைச் சுட்டது யார் என்று கேட்டு ஒரு பள்ளிச் சிறுவன் தன் சேமிப்போடு வருகிறான். பெரிய முதலாளிகளைத் திருப்பி அனுப்பும் துப்பறிவாளன் அந்தச் சிறுவனின் வழக்கை ஏற்கிறான். அழகான தொடக்கம். அதன்பின் வழக்கு துப்பறிவாளனாக நடித்த விஷாலுடையது, சிறுவன் விலகிவிடுகிறான். அருணாசலம் வைத்யநாதனின் ‘ஷாட் பூட் த்ரீ’ (2023) அந்தத் தவறைச் செய்யவில்லை: தொலைந்த நாயை நண்பர்களான பிள்ளைகளே கடைசிவரை தேடுகிறார்கள். சினேகா, வெங்கட் பிரபு, யோகி பாபு எல்லாரும் பக்கவாத்தியம்.

எடுக்கப்படாத நிலம்: பழவேற்காடு

‘சோனார் கெல்லா’வுக்கு ஜெய்சல்மர் வாய்த்ததுபோல் தமிழ்ச் சிறுவர் மர்மத்துக்கென்றே அமைந்த ஊர் சென்னைக்கு வடக்கே பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்தில். 1613இல் டச்சுக்காரர் கட்டிய ஜெல்ட்ரியா கோட்டை புதர் மண்டிக் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. கடற்கரையில் கலங்கரை விளக்கம்; ஏரிக்கும் கடலுக்கும் இடையில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாள்களில் மீனவர் கடலுக்குப் போகக் கூடாதென்று அறிவிப்பு வரும். இனிட் பிளைட்டன் இந்த ஊரைப் பார்த்திருந்தால் ஐவரையும் இங்கேயே குடிவைத்திருப்பார்.

இடத்தைவிடப் பெரிய வளம் அங்குள்ள பிள்ளைகளின் கண். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை வைக்கலாம் என்பதைப் பட்டினவர் என்னும் மீனவர் சமூகத்தின் குப்பங்கள் ‘பாடு’ முறையில் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. எவருடைய முறை, எந்த இடம் என்பது வளரும் பிள்ளைக்குக் காதில் விழுந்தே பாடமாகிறது. ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள் இருளர் பெண்கள். முகத்துவாரம் மணல் மூடினால் எந்த மீன் வராது என்று சிறுவனும் சொல்வான். வழக்கத்துக்கு மாறான ஒரு வலை, முறை தப்பி நிற்கும் ஒரு படகு போன்றவை அவர்கள் கண்ணுக்கு உடனே படும். நகரத்துத் துப்பறிவாளன் விசாரித்தே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இவை. கடற்புரத்துப் பிள்ளைகள் தமிழ்ப் படங்களில் வந்தபோதெல்லாம் வறுமைக்கும் பெருந்துயருக்கும் அடையாளமாகவே பெரிதும் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய அறிவை மையமாக்கி ஒரு படம் எடுக்கத் தகும்.

குழந்தை நடிகர்களும் சட்டமும்

‘பேபி’, ‘மாஸ்டர்’ பட்டங்களோடு குழந்தை நடிகர்கள் வலம்வந்த காலத்தில் அவர்களுக்கென்று தனி விதி ஏதும் நடைமுறையில் இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் 2017இல் வந்த விதிகளும் நிலைமையை ஒழுங்குபடுத்தின. படப்பிடிப்புக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. இடைவெளியின்றி மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாள்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. படிப்பு நிற்காமல் பார்த்துக்கொள்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. குழந்தைகள் திரைப்படச் சங்கம் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டதால், சிறுவர் படம் எடுப்போர் இனி அக்கழகத்தைத்தான் நாட வேண்டும். பிள்ளையை நடிக்க அனுப்பும் பெற்றோர் ஒன்றை மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும்: ஊதியத்தில் குறைந்தது 20 விழுக்காடு, நாட்டுடைமை வங்கி ஒன்றில் பிள்ளையின் பெயரிலேயே வைப்பாகப் போடப்பட வேண்டும் என்பது விதி.