குயிதோ ரேனி: புகழால் தாழ்ந்த ஓவியர்

குயிதோ ரேனி (1575–1642) இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் பிறந்த பரோக் கால ஓவியர். ‘தெய்வீக குயிதோ’ எனப் போற்றப்பட்ட இவரைப் பதினெட்டாம் நூற்றாண்டு ரசிகர்கள் ரஃபேலுக்கு இணையாகப் பேசினர். அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் போலிப் பக்திக்கும் மிகை உருக்கத்துக்கும் இவர் பெயரே எடுத்துக்காட்டாயிற்று.

இசைக்கலைஞர் ஒருவரின் மகனான ரேனி, டெனிஸ் கால்வார்ட் என்ற பிளெமிய ஓவியரிடம் தொழில் கற்று, பின்னர் கராச்சி என்ற ஓவியக் குடும்பத்தாரின் பயிலகத்தில் சேர்ந்தார். 1600-ஐ ஒட்டி ரோமுக்குச் சென்றபோது அங்கே கரவாஜியோவின் இருளும் ஒளியும் மோதும் பாணி கோலோச்சியது. புனித பேதுரு சிலுவையில் அறையப்படும் ஓவியத்தில் (1604–05) ரேனியும் அதைக் கையாண்டார். விரைவிலேயே அதிலிருந்து விலகினார். பண்டைய ரோமச் சிற்பங்களிலும் ரஃபேலிடமும் கண்ட ஒழுங்கான அழகையே அவர் நாடினார். ‘மாசில்லாக் குழந்தைகளின் படுகொலை’ (1611) ஓவியத்தில் ஓங்கிய கத்திகளும் அலறும் தாய்மாரும்கூடக் கச்சிதமான அமைப்புக்குள் அடங்குகின்றனர். 1614-இல் கர்தினால் சிப்பியோனே போர்கீசேக்காக ‘அரோரா’ என்ற விதான ஓவியத்தை முடித்தபின், பொலோஞ்ஞாவையே தன் இருப்பிடமாக்கிக்கொண்டார்.

அங்கே அவருடைய பட்டறை பெரிதாக வளர்ந்தது. ஓவியங்கள் உயர்ந்த விலைக்குப் போயின. சம்பாதித்ததைச் சூதாட்டத்தில் இழந்தார் என்று 1678-இல் அவர் வரலாற்றை வெளியிட்ட மால்வாசியா கூறுகிறார். தேவைக்கு ஈடுகொடுக்க உதவியாளர்கள் பிரதிகள் செய்தனர். வானை நோக்கிய கண்களுடன் அவர் வரைந்த இயேசு, மரியா, மகதலேனா முகங்களைப் பின்வந்தோர் நகலெடுத்தும் அச்சிட்டும் ஐரோப்பா எங்கும் பரப்பினர். அவர் வரையாதவையும் அவர் பெயரில் உலவின. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகள் தேடிச் சென்று பார்த்த ‘பெயாத்ரிச்சே சென்சி’ உருவப்படத்தை இன்றைய ஆய்வாளர் பலர் அவருடையதாக ஏற்பதில்லை.

வீழ்ச்சிக்கு ரசனை மாற்றமும் காரணம். ஜான் ரஸ்கின் போன்ற விமர்சகர்கள் தொடக்க மறுமலர்ச்சிக் கால ஓவியர்களின் எளிமையை உயர்த்தி, பொலோஞ்ஞா மரபைச் செயற்கை என்று ஒதுக்கினர். இருபதாம் நூற்றாண்டில் கரவாஜியோ மீண்டும் கொண்டாடப்பட்டபோது, அவர் வழியை விட்டுச் சென்ற ரேனி மேலும் பின்தள்ளப்பட்டார்.

1954-இல் பொலோஞ்ஞாவில் நடந்த கண்காட்சி மறுமதிப்பீட்டுக்கு வழி திறந்தது. 1988-இல் அங்கு தொடங்கிய மற்றொரு பெருங்கண்காட்சி அமெரிக்காவுக்கும் சென்றது. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்துக்குரிய ‘ஹிப்போமெனஸும் அட்லாண்டாவும்’ நெடுங்காலம் கிரனாடாவில் கவனிப்பாரற்று இருந்து, 1960-களில் மாட்ரிட்டுக்குத் திரும்பியது. ரோமின் போர்கீசே கலைக்கூடம் தன் பழைய சேகரிப்பைச் சேர்ந்த ‘நாட்டுப்புற நடன’த்தை 2020-இல் வாங்கி மீட்டது, ரேனி அரிதாகவே வரைந்த நிலக்காட்சி அது. 2022–23-இல் பிராங்க்பர்ட்டும் பிராடோவும் அவருக்குத் தனிக் கண்காட்சிகள் நடத்தின.

இன்று அதிகம் விவாதிக்கப்படுபவை அவருடைய கடைசிக் கால ஓவியங்கள். வெள்ளிச் சாயலில் வெளிறிய வண்ணம், விரைந்த தூரிகைத் தீற்றல், நிறைவு பெறாதவை போன்ற உருவங்கள் ஆகியவை இவற்றின் இயல்பு. கடன் நெருக்கடியில் அவசரமாக விடப்பட்டவை என்று சிலரும், வேண்டுமென்றே தேர்ந்த பாணி என்று சிலரும் கருதுகின்றனர். எப்படியானாலும், அச்சுப்படங்கள் பழக்கிய இனிப்பான ரேனியை இவற்றில் காண முடிவதில்லை. நகல்களை விலக்கி மூல ஓவியங்களைக் கொண்டே அவரை எடைபோடுவதுதான் இந்த மறுமதிப்பீட்டின் சாரம்.