ஒரு பாட்டும் ஒரு போஸ்ட்கார்டும்

அக்கா பையன் போன மாசம் போன் பண்ணினான். ஆறு மாசம் ஆப்பிரிக்காவில் ஒரு கிராமத்துப் பள்ளியில் தன்னார்வலரா பாடம் நடத்தப் போறானாம். "மாமா, என்னவெல்லாம் ரெடி பண்ணணும்?" என்று கேட்டான். தடுப்பூசி, மலேரியா மாத்திரை, விசா, இன்சூரன்ஸ் என்று ஒரு பட்டியல் அவனிடமே இருந்தது. அதில் சேர்க்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இதே கேள்விக்கு ஓர் அரசாங்கமே அரைகுறையாக விடை எழுதி, அடிபட்டுத் திருத்திக்கொண்ட கதை ஒன்று உண்டு. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1960 அக்டோபர் 14, அதிகாலை இரண்டு மணி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர் கூட்டம் விடாமல் காத்திருக்கிறது. அதிபர் தேர்தல் வேட்பாளர் கென்னடி தாமதமாக வந்து சேர்ந்து, டாக்டராகப் போகும் உங்களில் எத்தனை பேர் கானாவில் போய் வேலை செய்யத் தயார் என்று கேட்டார். ஜெயித்த பிறகு, 1961 மார்ச் 1 அன்று, 'பீஸ் கோர்' உருவானது. தலைவர், அவருடைய தங்கை கணவர் சார்ஜென்ட் ஷ்ரைவர். (தமிழில் 'அமைதிப் படை' என்று எழுதினால் நமக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிடும். அதனால் பீஸ் கோர் என்றே வைத்துக்கொள்வோம்.)

கல்லூரி முடித்த இருபத்திரண்டு வயசுப் பசங்களை முன்பின் தெரியாத ஊருக்கு எப்படித் தயார் செய்வது? அமெரிக்காவிலேயே பல்கலைக்கழகங்களில் சில வாரப் பயிற்சி வைத்தார்கள். போகப்போகும் நாட்டின் வரலாறு, கொஞ்சம் மொழி, சுகாதாரம், உடற்பயிற்சி. கம்யூனிசத்தைப் பற்றியும் பாடம் உண்டு, பனிப்போர் காலமாச்சே. பலரை போர்ட்டோ ரிக்கோவில் அரெசிபோ பக்கத்துக் காட்டு முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே பாறை ஏறணும், கயிற்றில் இறங்கணும். கையையும் காலையும் கட்டிக்கொண்டு தண்ணீரில் மிதக்கணும். நடுவில் மனநல நிபுணர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். தேறாதவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கஷ்டத்தைத் தாங்கினால் போதும் என்பது அன்றைய நம்பிக்கை.

முதல் காட்சி நன்றாகவே அமைந்தது. 1961 ஆகஸ்ட் 30 அன்று 51 ஆசிரியர்கள் கானாவின் அக்ரா விமான நிலையத்தில் இறங்கினார்கள். வரவேற்க வந்தவர்கள் முன்னால் வரிசையாக நின்று, துவி மொழியில் ஒரு பாட்டுப் பாடினார்கள். வந்த அன்றைக்கே நம்ம பாஷையில் பாடுகிறவனை யாருக்குத்தான் பிடிக்காது?

ஆறே வாரத்தில் அடுத்த காட்சி. இடம், நைஜீரியாவின் இபாதான். ஹார்வர்டில் பயிற்சி முடித்த ஒரு குழு, அடுத்தகட்டப் பயிற்சிக்காக அங்கிருந்த பல்கலைக்கழகக் கல்லூரிக்கு வந்திருந்தது. அதில் 23 வயதுப் பெண் ஒருவர் ஊரிலிருந்த நண்பருக்கு ஒரு போஸ்ட்கார்டு எழுதினார். நல்ல அனுபவம் என்றும் அதில் இருந்தது. ஆனால் கூடவே, ஊர் அழுக்கு, ஆதிகால வாழ்க்கை, தெருவிலேயே சமைக்கிறார்கள், இவ்வளவு பயிற்சி எடுத்தும் இதற்கு நாங்கள் தயாராகவில்லை என்ற அர்த்தத்திலும் எழுதியிருந்தார். அந்தக் கார்டு தபாலில் போகவில்லை, கீழே விழுந்து மாணவர்கள் கையில் கிடைத்தது. அவர்கள் பிரதி எடுத்துக் கல்லூரி முழுக்கக் கொடுத்துவிட்டார்கள்.

நைஜீரியா சுதந்திரம் அடைந்து அப்போதுதான் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாணவர்கள் கூட்டம் போட்டார்கள், அமெரிக்கர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். செய்தி உலகப் பத்திரிகைகளுக்குப் போனது. முளைக்கும்போதே திட்டம் கருகிவிடுமோ என்று வாஷிங்டன் பயந்தது. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். கென்னடியே அவருக்கு ஆறுதலாக ஒரு குறிப்பு எழுதினார்.

அவர் கெட்டவர் இல்லை. படிப்பில் முன்னணி மாணவி. எழுதினதும் பொய் இல்லை என்று சிலர் சொல்லலாம். என் வீட்டுக்கு வந்த விருந்தாளி என் அடுக்களையைப் பற்றித் தன் வீட்டுக்கு எழுதினதை நான் படிக்க நேர்ந்தால் எப்படி இருக்கும்? அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் வலி குறையுமா? பாட்டுக்கு ஒத்திகை பார்க்கலாம். போஸ்ட்கார்டுக்கு ஒத்திகை கிடையாது. யாரும் பார்க்காதபோது, நம்ம ஆளுக்கு நாம் எழுதுவது அது. அங்கேதான் உள்ளே இருக்கும் பார்வை வெளியே வருகிறது. பாறை ஏறும் பயிற்சி அதைத் தொடவே இல்லை.

பீஸ் கோர் மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டது. காட்டு முகாம்கள் போயின. மொழிக்கு நேரம் கூடியது. 1970-கள் வாக்கில் பயிற்சியின் பெரும்பகுதி போகிற நாட்டுக்கே மாறியது. இன்றைய வழக்கத்தில் 27 மாதத்தில் முதல் மூன்று மாதம் போல பயிற்சிதான். பல நாடுகளில் அப்போது உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கவும் வேண்டும். அவர்கள் போட்டதைச் சாப்பிட்டு, தப்பும் தவறுமாகப் பேசி, குழந்தைகள் சிரிக்கச் சிரிக்கக் கற்றுக்கொள்ளணும். உதவி செய்ய வந்தவர் முதலில் உதவி வாங்கிக்கொள்ளும் இடம் அது.

அதுகூடப் போதாது என்றார் இவான் இல்லிச். மெக்சிகோவின் குவெர்னவாகாவில், லத்தீன் அமெரிக்காவுக்கு வருகிறவர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும் மையம் நடத்தியவர். 1968 ஏப்ரலில், கோடை விடுமுறையில் சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம் முகத்துக்கு நேராகவே சொன்னார்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலை ஏற வாருங்கள்; உதவி செய்ய மட்டும் வராதீர்கள். எனக்கு இது முழுசா உடன்பாடில்லை. கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளிக்கு ஒரு வாத்தியார் கிடைப்பது நல்லதுதான். ஆனால் கிளம்புமுன் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டிய திட்டு அது.

நேரு இதையே பதமாகச் சொன்னார். 1961-ல் ஷ்ரைவர் தில்லி வந்தபோது, பஞ்சாபுக்கு இருபது இருபத்தைந்து பேரை அனுப்புங்கள், அந்த இளைஞர்கள் இங்கே நிறையக் கற்றுக்கொள்வார்கள் என்றாராம். அவர்கள் திரும்பும்போது பஞ்சாப் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், அதற்காக ஏமாந்துபோக வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டாராம். அந்த வருஷக் கடைசியில் முதல் குழு பஞ்சாப் வந்தது.

அக்கா பையனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: மாத்திரையும் இன்சூரன்ஸும் சரிடா. அந்த ஊர் பாஷையில் நூறு வார்த்தை இப்பவே படிக்க ஆரம்பி. இன்னொன்று, அங்கிருந்து நீ வாட்ஸப்பில் போடும் ஒவ்வொரு போட்டோவையும், நீ தங்கப்போகும் வீட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாங்கன்னு நினைச்சுப் போடு.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "சரி மாமா" என்றான்.