இரு போர்களுக்கு இடையே ஸ்காட்லாந்துத் துறைமுகங்கள்

நம்மை ஆண்ட நாட்டில் வாழ்ந்த மக்கள் அனைவரும் செல்வத்தில் திளைத்தவர்கள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அந்நாட்டுக் கப்பல்கள் உலகக் கடல்கள் யாவற்றிலும் உலவின. ஆகவே அங்குள்ள வீடு ஒவ்வொன்றிலும் வளம் பொங்கியிருக்க வேண்டும் என்று கருதுவது இயல்பே. ஆயினும், 1918-ல் முடிவுற்ற முதல் உலகப் போருக்கும் 1939-ல் மூண்ட இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்தில் ஸ்காட்லாந்துத் துறைமுகங்களில் நிகழ்ந்தவற்றை நோக்கின், இவ்வெண்ணம் முழு உண்மை அன்று என்பது புலனாகும். கப்பலைக் கட்டியவன் ஒருவன். அதில் உழைத்தவன் வேறொருவன். ஆதாயம் பெற்றவன் மற்றொருவன். இவ்வேறுபாட்டை அத்துறைமுகங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஸ்காட்லாந்து என்பது பிரிட்டன் தீவின் வடபகுதி. அதன் மேற்கே கிளைட் ஆற்றங்கரையில் கிளாஸ்கோ, கிரீனக் ஆகிய துறைகள் உள்ளன. கிழக்கே லீத், டண்டீ, அபர்தீன். வடகிழக்கே பீட்டர்ஹெட், பிரேசர்பர்க், விக் ஆகியன உள்ளன. ஒவ்வொரு துறைக்கும் ஒரு தொழில் உயிர்நாடியாக இருந்தது. கிளாஸ்கோவுக்குக் கப்பலும் இயந்திரமும், டண்டீக்குச் சணல், வடகிழக்குத் துறைகளுக்கு மீன் என்று கூறலாம்.

கிளைட் நதி

கிளாஸ்கோ இயற்கையாக அமைந்த துறைமுகம் அன்று. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் நகரை ஒட்டிய கிளைட் ஆறு நடந்தே கடக்கத்தக்க அளவு ஆழமற்றதாய் இருந்தது. பெருங்கப்பல்கள் நகரை அணுக இயலாமையால், நகரத்தார் 1668-ல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலம் வாங்கி, போர்ட் கிளாஸ்கோ என்னும் துறையை அமைத்தனர். பின்னர் 1770-களில் ஜான் கோல்போர்ன் என்னும் பொறியாளர், இரு கரைகளிலிருந்தும் ஆற்றினுள் கற்சுவர்களை நீட்டி ஓட்டத்தைக் குறுக்கினார். குறுகிய நீர் விரைந்து பாய்ந்து, அடியிலிருந்த மணலைத் தானே அரித்துச் சென்றது. அடுத்த நூற்றாண்டில் நீராவித் தூர்வாரிகள் அப்பணியைத் தொடர்ந்தன. கிளைட் கிளாஸ்கோவைச் செய்தது, கிளாஸ்கோ கிளைடைச் செய்தது என்று அந்நகரத்தார் கூறிக்கொள்வதில் வியப்பில்லை.

கடலிலிருந்து வரும் கப்பல்கள் கிரீனக்கிற்கு எதிரேயுள்ள ஆழ்ந்த நீர்ப்பரப்பில் நங்கூரமிட்டு நிற்கும். நீர்மட்டம் உயர்ந்ததும் ஆற்றுவழியை அறிந்த பைலட் ஒருவர் ஏறிக்கொள்வார். இழுவைப் படகுகள் முன்னும் பின்னும் பற்றிக்கொள்ள, கப்பல் மெல்ல நகரை நோக்கி நகரும். இரு மருங்கிலும் கப்பல் கட்டும் களங்கள். அவற்றில் ரிவெட் அடிக்கும் சம்மட்டிகளின் ஓசை. சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்க்கு நிரந்தர வேலை கிடையாது. காலையில் கூடி நிற்கும் கூட்டத்தில் மேஸ்திரி தேர்ந்தெடுத்த ஆளுக்கே அன்று கூலி. ஏனையோர் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதுதான்.

இருப்புப்பாதைக்கும் அத்துறைமுகத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு. 1923-ல் பிரிட்டனின் ரயில் கம்பெனிகளுட் பெரும்பாலானவை நான்கு பெருங்கம்பெனிகளாக இணைக்கப்பட்டன. அவற்றுள் லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ், லண்டன் நார்த் ஈஸ்டர்ன் ஆகிய இரண்டும் கிளைட் முகத்துவாரத்தில் பயணிக் கப்பல்களையும் நடத்தின. கூரக், வெமிஸ் பே ஆகிய நிலையங்களில் ரயிலை விட்டு இறங்கியோர் சில அடி நடந்து கப்பலில் ஏறிவிடலாம். ஜூலை விடுமுறையில் கிளாஸ்கோத் தொழிலாளர் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் அங்ஙனம் கடற்கரை ஊர்களுக்குச் சென்று வந்தன. ஆண்டு முழுதும் உழைத்தவர்க்கு வாய்த்த இன்பம் அது ஒன்றே.

கீழ்த்திசை வாணிகம்

இத்துறைமுகத்திற்கும் நம் நாட்டிற்கும் உள்ள தொடர்பு பெரிது. ஆங்க்கர் லைன் கப்பல்கள் பம்பாய்க்கும், சிட்டி லைன் கப்பல்கள் கல்கத்தாவுக்கும் சென்று வந்தன. கிளான் லைன் என்னும் கிளாஸ்கோக் கம்பெனியும் இந்தியத் துறைகளோடு பெருவாணிகம் நடத்தியது. தூத்துக்குடியில் 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியை நாம் அறிவோம். அதனைத் தோற்றுவித்த வில்லியம் மெக்கின்னன், காம்பெல்டவுன் என்னும் சிறிய ஸ்காட்லாந்துத் துறையில் பிறந்தவர்.

மலேயாவுக்கு உறவினரை அனுப்பி வைத்த குடும்பத்தார் ‘ரஜூலா’ என்ற பெயரை மறந்திருக்க மாட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக அக்கப்பலை 1926-ல் கிளைட் கரையில் கட்டியவர்கள் பார்க்ளே கர்ல் கம்பெனியார். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் நம்மவரை ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்குப் பல்லாண்டு ஓடிய அக்கப்பல், 1973-ல் இந்தியக் கப்பல் கழகத்திற்கு விற்கப்பட்டு, மறு ஆண்டில் உடைக்கப்பட்டது.

கிளைட் துறைக்கு வந்த கீழ்த்திசைக் கப்பல்களில் உழைத்தோரில் இந்திய மாலுமிகள் பலர். கொதிகலனுக்குக் கரி தள்ளியவர்களில் சில்ஹட், பஞ்சாப் பகுதியினர் மிகுதி. உணவுப் பணியில் கோவா நாட்டினர் மிகுதி. வெள்ளை மாலுமிக்குக் கிடைத்த ஊதியத்தில் ஒரு சிறு பகுதியே இவர்களுக்குக் கிடைத்தது. அன்றியும், பிரிட்டிஷ் பிரஜை என்பதற்குச் சான்று காட்ட இயலாத வெள்ளையரல்லாத மாலுமிகள் அந்நியராகப் போலீசில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 1925-ல் ஓர் ஆணை பிறந்தது. பிரிட்டிஷ் கொடியின்கீழ் உழைத்த இந்தியரும் அதனால் இன்னலுற்றனர்.

இனி, ரயில் என்ஜின்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளாஸ்கோவின் ஸ்பிரிங்பர்ன் பகுதியில் நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனியின் தொழிற்சாலைகள் இருந்தன. இந்திய ரயில்வேக்களுக்கு எண்ணற்ற என்ஜின்கள் அங்கிருந்து வந்தன. நம் அகலப் பாதையின் அகலம் ஐந்தரை அடி. பிரிட்டனின் பாதையோ நான்கு அடி எட்டரை அங்குலம். ஆகவே நமக்கென்று செய்த என்ஜின் அந்நாட்டுத் தண்டவாளத்தில் ஓட இயலாது. அதனைப் பெரிய வண்டியில் ஏற்றி, நகரத் தெருக்கள் வழியே துறைமுகத்திற்கு இழுத்துச் செல்வர். அங்கே ஸ்டாப்கிராஸ் கரையில் 1932 முதல் 175 டன் தூக்கவல்ல மாபெரும் பாரந்தூக்கி ஒன்று இயங்கியது. அது என்ஜினை அப்படியே தூக்கிக் கப்பலில் வைக்கும்.

எண் 534

போருக்கு முன்னர், 1913-ல், கிளைட் களங்களில் நீரில் இறக்கப்பட்ட கப்பல்களின் மொத்த அளவு ஏறத்தாழ 7,50,000 டன். உலகப் பொருளாதார மந்தத்தின் கடுமையான ஆண்டாகிய 1933-ல் அது ஏறத்தாழ 56,000 டன்னாகச் சுருங்கியது. வாணிகம் குறைந்தது, இருக்கும் கப்பல்களுக்கே சரக்கு இல்லை, புதுக் கப்பலை எவர் கேட்பர்? உபரியான களங்களை விலைக்கு வாங்கி மூடுவதற்கென்றே 1930-ல் ஒரு கம்பெனி அமைக்கப்பட்டது. டல்மியூரில் இருந்த பியர்ட்மோர் களம் அங்ஙனம் மூடப்பட்டது.

அந்நாளில் கிளைட்பேங்க் நகரில் ஜான் பிரவுன் களத்தில் ஒரு பெருங்கப்பல் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் இன்னும் இல்லை. களத்து வரிசை எண்ணாகிய 534 என்பதே பெயர். 1930 டிசம்பரில் தொடங்கிய வேலை, குனார்டு கம்பெனியிடம் பணம் இல்லாமையால் 1931 டிசம்பரில் நின்றது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் அங்கு மட்டும் வேலை இழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இரும்புக்கூடு துருவேறி நின்றது. வேலையற்றோர்க்கு அரசு அளித்த உதவித் தொகையும் எளிதிற் கிடைப்பதன்று. வீட்டிலுள்ள அனைவருடைய வருவாயையும் உடைமையையும் அதிகாரிகள் ஆராய்ந்த பின்னரே அது வழங்கப்பட்டது. உழைக்க விரும்பியும் வேலை கிடைக்காதவனுக்கு இதனினும் பெரிய அவமானம் வேறில்லை.

அத்தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் டேவிட் கிர்க்வுட் இடைவிடாது வாதாடினார். குனார்டும் வைட் ஸ்டாரும் ஒன்றிணைய வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் அரசு கடன் கொடுக்க இசைந்தது. 1934 ஏப்ரல் 3-ஆம் நாள், தொழிலாளர் குழலிசை முன்செல்லக் களத்திற்குள் மீண்டும் நுழைந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் ‘குவீன் மேரி’ என்ற பெயருடன் கப்பல் நீரில் இறங்கியது. 1,000 அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள அக்கப்பல் 1936 மார்ச் 24-ஆம் நாள் கடலை நோக்கிப் புறப்பட்டபோது, ஆற்றின் வளைவில் சற்றே தரை தட்டிப் பின் நகர்ந்தது என்பர். கரை நெடுகிலும் மக்கள் திரண்டு நின்றனர். அது அவர்களுடைய கப்பல் அன்று. அதில் பயணம் செய்யும் வசதி அவர்களுட் பெரும்பாலோர்க்கு இல்லை. ஆயினும் அது அவர்கள் கட்டிய கப்பல்.

மீனும் மகளிரும்

வடகிழக்குத் துறைகளின் வாழ்வு ஹெர்ரிங் என்னும் மீனை நம்பியது. நம் கடலின் மத்தி மீனுக்கு இஃது உறவு. 1907-ல் ஸ்காட்லாந்தில் 25 லட்சம் பீப்பாய் ஹெர்ரிங் உப்பிடப்பட்டது. ஜெர்மனியும் ரஷ்யாவுமே அதனைப் பெரிதும் வாங்கின.

மீன்கூட்டம் பருவந்தோறும் கடற்கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்கே தென்படும். படகுகள் அதனைத் தொடரும். மீனை அரிந்து உப்பிடும் பெண்கள் படகுகளைத் தொடர்வர். தீவுகளிலிருந்தும் கடற்கரைச் சிற்றூர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான பெண்கள் தத்தம் தகரப் பெட்டிகளுடன் தனி ரயில்களில் ஏறி, இங்கிலாந்தின் யார்மத் வரையிற் செல்வர். மூவர் சேர்ந்தது ஒரு குழு: இருவர் மீனின் குடலை நீக்குவர், ஒருவர் உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்குவர். கத்தியும் உப்பும் கைகளைப் புண்ணாக்காதிருக்க விரல்கள்தோறும் துணி சுற்றிக்கொள்வர். ஓய்ந்த நேரத்திலும் கைகள் ஓய்வதில்லை. கம்பளி பின்னிக்கொண்டே தெருவில் நடப்பர்.

1917-ல் ரஷ்யாவில் புரட்சி தோன்றியது. போரில் தோற்ற ஜெர்மனியும் வறுமையுற்றது. வாங்குவோர் இன்றி இத்தொழில் தளர்ந்தது. கடலில் மீன் குறையாமலே கரையில் வறுமை வந்தது. 1935-ல் ஹெர்ரிங் தொழிலுக்கென அரசு ஒரு வாரியம் அமைத்தும் பழைய நிலை மீளவில்லை.

டண்டீயும் கல்கத்தாவும்

டண்டீயின் கதை நம் நாட்டோடு பின்னியது. வங்காளச் சணல் கப்பல் கப்பலாக அங்கு சென்று இறங்கியது. முரட்டு நாரை மென்மையாக்கத் திமிங்கில எண்ணெய் தேவை. அத்துறையிலிருந்தே திமிங்கில வேட்டைக் கப்பல்களும் சென்றதனால் அது எளிதிற் கிடைத்தது. ஆலைகளில் உழைத்தோரில் பெண்களே மிகுதி. ஆணுக்குரிய முழுக் கூலி கொடுக்க வேண்டிய வயது வந்ததும் இளைஞர் பலர் நீக்கப்பட்டனர். மனைவி ஆலைக்குச் செல்ல, கணவன் வீட்டில் உலை வைக்கும் நிலை பல குடும்பங்களில் இருந்தது.

1855-ல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் முதற் சணல் ஆலை தோன்றியது. அதன் இயந்திரங்கள் டண்டீயிலிருந்தே வந்தன. நாளடைவில் ஹூக்ளிக் கரை ஆலைகள் டண்டீயை விஞ்சின. அவற்றை மேற்பார்த்தோரில் டண்டீ நகரத்தார் பலர். குறைந்த கூலிக்கு உழைத்த இந்தியத் தொழிலாளியும் வேலையின்றி நின்ற டண்டீத் தொழிலாளியும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆயினும் ஒருவரது தாழ்ந்த கூலியே மற்றவரது வேலையின்மைக்குக் காரணமாயிற்று. இருவருக்கும் இடையே நின்றது முதலீடு செய்தோரின் ஆதாயம்.

தீவுகளின் துயரம்

மேற்கே லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவே என்னும் சிறு துறை உண்டு. 1919 ஜனவரி முதல் நாள் அதிகாலையில், போர் முடிந்து வீடு திரும்பிய கடற்படை வீரர்களை ஏற்றி வந்த ‘அயோலைர்’ என்னும் கப்பல் துறைக்கு அருகே பாறையில் மோதி உடைந்தது. ஏறத்தாழ 200 பேர் தம் ஊர் விளக்குகளைக் காணும் தொலைவில் மாண்டனர். நான்கு ஆண்டுகள் கழிந்து, 1923 ஏப்ரலில், ‘மெட்டகாமா’ என்னும் கப்பல் அதே துறையிலிருந்து ஏறத்தாழ 300 பேரைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்றது. அவர்களுட் பெரும்பாலோர் இளைஞர். போர் கொண்டுசென்றது போக எஞ்சியோரைப் பிழைப்புக் கொண்டுசென்றது.

முடிவுரை

துறைமுகத்தின் வாழ்வு அதன் நீர் ஆழத்தில் மட்டும் இல்லை. தொலைவில் உள்ள யாரோ ஒருவரின் தேவையில் இருக்கிறது. ரஷ்யர் மீன் வாங்காவிடில் லூயிஸ் தீவுப் பெண்ணுக்கு வேலையில்லை. நம் ரயில்வேக்கள் என்ஜின் கேளாவிடில் ஸ்பிரிங்பர்ன் தொழிலாளிக்குக் கூலியில்லை. 1950-ல் நம் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் என்ஜின்கள் உருவாகத் தொடங்கின. டீசல் யுகத்திற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள இயலாத நார்த் பிரிட்டிஷ் கம்பெனி 1962-ல் மூடப்பட்டது. ஸ்டாப்கிராஸ் பாரந்தூக்கி இன்றும் கிளைட் கரையில் நிற்கிறது, நினைவுச் சின்னமாக.

நாம் விடுதலை பெற்றது நம் உரிமை, அதற்காக மகிழ்கிறோம். ஆயினும் பழைய ஆட்சியின் நினைவு எழுங்கால், கப்பற் கம்பெனி முதலாளியையும், கூலிக்காகக் காலையில் துறைமுக வாயிலில் நின்றவனையும் ஒருசேர எண்ணுதல் முறையன்று. பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்து, இக்குடியிருப்பில் ஒன்று கூடி வாழும் நமக்கு, மெட்டகாமாவில் ஏறியோரின் மனநிலையை எவரும் விளக்க வேண்டுவதில்லை.