மாஜிஸ்திரேட்டு முதல் வினாத்தாள் வரை: சிகாமட் வட்டாரத்தில் மனோவியாதி நிர்ணயத்தின் சரித்திரம்

ஜொகூர் ராஜ்யத்தின் வடபாகத்தில், 1909இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ஓடத் தொடங்கிய இருப்புப்பாதையை ஒட்டி, ரப்பர்த் தோட்டங்களாலும் பின்னர் செம்பனைத் தோட்டங்களாலும் வளர்ந்த சிகாமட் நகரம், மனோவியாதிச் சிகிச்சையின் சரித்திரத்தில் இடம்பெறத்தக்க பிரத்தியேக ஸ்தாபனம் எதையும் நெடுங்காலம் தன்னகத்தே கொண்டிருந்ததில்லை. ஆயினும் இவ்வட்டாரத்தை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இங்கே சித்தம் கலங்கியவர்களை ஒரு காலத்தில் வெகு தூரத்திற்கு அனுப்பினார்கள்; அங்கிருந்தோர் பரிசோதித்தனர். இப்போதோ பரிசோதிக்கும் கருவியே வீடு தேடி வருகிறது. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட ஒரு நூற்றாண்டில், நிர்ணய முறை மாறியபோதெல்லாம் நோயாளி என்று எண்ணப்பட்ட மனிதனும் மாறினான் என்பதே இக்கட்டுரையில் நிறுவ முயலும் கருத்து.

தோட்டக் காலத்திலிருந்து தொடங்குவோம். நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் இருந்த முகாம்களில் கப்பலேறக் காத்திருந்த தொழிலாளியின் உடலைப் பரிசோதித்தார்கள், அம்மை குத்தினார்கள், பால் வெட்டத் தகுந்த கைகால்கள் உண்டா என்று பார்த்தார்கள். மனத்தைப் பார்ப்பதற்கு அங்கே அவகாசமும் இல்லை, அவசியமும் கருதப்படவில்லை. தோட்டத்தில் அவனுக்குக் கிடைத்த வைத்தியர், பெரும்பாலும் டிரசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர் ஒருவரே. ஜுரத்திற்கும் வயிற்றுப்போக்கிற்கும் மருந்து கலந்து கொடுத்த அவரிடம், பெரட்டு எனும் காலை ஆள் கணக்கெடுப்புக்கு வராமல் சுவரைப் பார்த்துக் கிடந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றியிராது. அவளுக்குக் காற்றுக் கருப்பு அண்டியிருக்கிறது, அல்லது யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று முனியாண்டி கோயில் பூசாரியிடமோ, பக்கத்துக் கம்பத்தின் மலாய் மாந்திரிகரான போமோவிடமோ அழைத்துச் சென்றிருப்பார்கள். இதை அறியாமை என்று எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அந்நாளில் அப்பெண்ணின் துயரத்தைக் காது கொடுத்துக் கேட்ட இடம் அதுவொன்றே என்பதை மறுப்பதற்கில்லை.

சர்க்காரின் பார்வையில் மனோவியாதிக்கு அடையாளமாக இருந்தது துயரம் அன்று, அமளி. ஒருவன் கத்தி எடுத்தால், தீ வைத்தால், சாலையில் ஆடையின்றித் திரிந்தால் போலீஸ் அழைத்துச் செல்லும். வைத்தியர் சான்று எழுதுவார். மாஜிஸ்திரேட்டு உத்தரவு பிறப்பிப்பார். ஆகவே நிர்ணயம் என்பது, நோய் இன்னதென்று அறிவதைவிட, இம்மனிதனை அடைத்து வைக்கலாமா என்று தீர்மானிப்பதாகவே இருந்தது. அமைதியாக வாடியவர்கள் இச்சல்லடையில் சிக்கவே இல்லை.

அக்காலத்து வைத்திய இலக்கியமும் இதற்கு இசையவே அமைந்தது. சிங்கப்பூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் மேலதிகாரியாயிருந்த கில்மோர் எல்லிஸ், லண்டனிலிருந்து வெளிவந்த மனோவைத்தியப் பத்திரிகையில் 1893இல் திடீர்க் கொலைவெறியாகிய அமோக் பற்றியும் 1897இல் திடுக்கிட்டதும் தன்வசமிழந்து பிறரைப் பாவனை செய்யும் லாத்தா பற்றியும் எழுதிய கட்டுரைகள், மலாய் மக்களிடம் காணப்பட்ட இவ்விரு நிலைகளையும் உலகத்திற்கு அறிமுகம் செய்தன. நூறு ஆண்டு கழித்து, 1994இல் வெளியான அமெரிக்க நோய்ப் பகுப்பு நூலின் பிற்சேர்க்கையிலும் அவை இடம்பெற்றன. ஜெர்மானிய அறிஞர் எமில் கிரேபெலின் 1904இல் ஜாவாத் தீவின் பொய்டன்ஸார்க் ஆஸ்பத்திரிக்கு வந்து நோயாளிகளை நேரில் கண்டு, ஐரோப்பிய மனச்சோர்வு நோயாளிகள் தம்மைப் பாவிகளென்று நொந்துகொள்ளும் லட்சணம் இங்கே ஏறக்குறைய இல்லை என்று குறித்தார். இதனால் மனச்சோர்வே கீழ்த்திசையில் அரிது என்ற அபிப்பிராயம் நெடுங்காலம் நிலைத்தது. அவர் கண்டவர்கள் ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவரப்பட்டவர்கள் மட்டுமே. ஆஸ்பத்திரிக்கோ அமளி செய்தவர்களே கொண்டுவரப்பட்டார்கள். முதற்படியில் நேர்ந்த தேர்வு முடிவையும் தீர்மானித்துவிட்டதென்றே எனக்குத் தோன்றுகிறது.

மலாயாவில் 1911இல் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு பெரிய மனநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஜொகூருக்கென்று தம்போயில் 1937இல் தோன்றியது, இன்று பெர்மாய் என்று வழங்கும் ஆஸ்பத்திரி. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் 1952இல் பிறந்த மனக்கோளாறுச் சட்டம் பழைய முறையைத் திருத்தியதேயன்றி அடியோடு மாற்றவில்லை. தஞ்சோங் ரம்புத்தான், தம்போய் என்ற இவ்விரு ஊர்ப் பெயர்களும் தமிழ் வீடுகளில் ஏச்சுச் சொற்களாகிவிட்டமை, மக்கள் அந்நிர்ணயத்தை எவ்வாறு புரிந்துகொண்டார்கள் என்பதற்குப் போதுமான சான்று. 1958இல் பினாங்கு பொது ஆஸ்பத்திரியில் மனோவைத்தியப் பிரிவு ஏற்பட்டதும், 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அத்துறை தொடங்கியதும், சுவருக்குள் இருந்த வித்தையைச் சற்றே வெளியே கொணர்ந்தன.

இதற்கிடையே உலகில் வேறொரு மரபு வளர்ந்து வந்தது. பிரான்ஸில் 1905இல் பினே அமைத்த புத்திப் பரீட்சை, 1921இல் ரோர்ஷாக்கின் மைக்கறைப் பரீட்சை, 1938இல் ராவனின் வடிவப் பரீட்சை, 1943இல் அச்சேறிய மின்னசோட்டா ஆளுமை வினாத்தாள் ஆகியவை மருத்துவரின் உள்ளுணர்வுக்குப் பதிலாக எண்ணை நிறுத்த முயன்றன. இந்தியாவில் காமத் 1934இல் பினே பரீட்சையைக் கன்னடத்திற்கும் மராத்திக்கும் ஏற்றவாறு திருத்தினார். 1954இல் பெங்களூரில் தோன்றிய அகில இந்திய மனநல நிலையம் மறு ஆண்டே மருத்துவ உளவியலில் பயிற்சியைத் தொடங்கிற்று. இப்பரீட்சைகளின் பலமும் பலவீனமும் ஒன்றே: ஒருவரை அளக்க, முன்னரே அளந்த ஒரு கூட்டம் வேண்டும். மின்னசோட்டா வினாத்தாளின் முதல் அளவுகோல், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குத் தம் உறவினரைப் பார்க்க வந்த எழுநூற்றுச் சொச்சம் பேரின் விடைகள். அவர்களுக்கு இயல்பானது எதுவோ, அதுவே சராசரி மனித இயல்பாகக் கொள்ளப்பட்டது. சிகாமட் மாவட்டத்து லாபிஸில், தோட்டத்தில் பால் வெட்டும் மாரியம்மாவை அந்தப் படிக்கல்லில் வைத்து நிறுத்தால் எடை எப்படிச் சரியாக வரும்?

வைத்தியர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பதும் வெளிப்பட்டது. நியூயார்க்கு, லண்டன் மருத்துவர்களைக் குறித்து நடந்து 1972இல் வெளியான ஒப்பீட்டாய்வு, ஒத்த லட்சணங்களையுடைய நோயாளிகளுக்கு அமெரிக்கர் மனச்சிதைவு என்றும் ஆங்கிலேயர் பெரும்பாலும் மனநிலைக் கோளாறு என்றும் பெயரிட்டதைக் காட்டிற்று. உலக சுகாதார ஸ்தாபனம் ஒன்பது நாடுகளில், ஆக்ரா உள்ளிட்ட நிலையங்களில் ஒரே நேர்காணல் முறையைக் கையாண்டு இக்குழப்பத்தைக் குறைக்க முயன்றது. 1980இல் அமெரிக்க நோய்ப் பகுப்பு நூலின் மூன்றாம் பதிப்பு, லட்சணங்களை எண்ணி நோய் நிர்ணயிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதன்பின் மருத்துவர்களிடையே இணக்கம் அதிகரித்தது. ஆனால் இணங்கியிருப்பதும் சரியாயிருப்பதும் ஒன்றல்ல.

எண்ணால் அளக்கும் பரீட்சைகள், லட்சணங்களை எண்ணும் முறை ஆகிய இவ்விரண்டின் சந்ததிகளே இன்று சிகாமட் வரை வந்துள்ள சிறு வினாத்தாள்கள். மோனாஷ் பல்கலைக்கழகம் 2011இல் சிகாமட் மாவட்டத்தில் நிறுவிய தென்கிழக்காசியச் சமூக ஆய்வகம், பெக்கோக், சாஆ, கெமெரே, ஜாபி, சுங்கை சிகாமட் ஆகிய முக்கிம்களில், அதாவது மாவட்டத்தின் உட்பிரிவுகளில், சுமார் நாற்பதினாயிரம் மக்களைத் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறது. 1995இல் ஆஸ்திரேலியாவில் உருவான மனச்சோர்வு, பதற்றம், மனவழுத்தம் ஆகியவற்றின் இருபத்தொரு கேள்விப் பட்டியலும் இங்கே வீடுவீடாகக் கேட்கப்பட்டது. ஆஸ்பத்திரியின் வாசலை ஒருநாளும் மிதியாதவரின் துயரம் கணக்கில் ஏறியது இவ்வட்டாரத்தின் சரித்திரத்தில் புதிய விஷயம். எல்லிஸும் கிரேபெலினும் காணாத அமைதியான நோயாளி இப்போதுதான் தென்பட்டான்.

ஆனால் தென்பட்டவரெல்லாம் நோயாளியா? மலேசியா முழுவதற்குமான தேசிய சுகாதார ஆய்வுகள் மனநலப் பிரச்சினையுடையோர் 1996இல் நூற்றுக்கு 10.7, 2006இல் 11.2, 2015இல் 29.2 என்று தெரிவித்தன. 2019இல் ஒன்பது கேள்விகளைக் கொண்டு மனச்சோர்வை மட்டும் தேடியபோது கிடைத்தது 2.3, 2023இல் 4.6. 2015க்கும் 2019க்கும் இடையே நான்கே ஆண்டுகளில் தேசம் குணமடைந்துவிட்டதென்று எவரும் நம்பார். கேட்டது வேறாதலால் விடையும் வேறாயிற்று. ஒரு கணக்கைப் பாருங்கள். ஆயிரம் பேரில் ஐம்பது பேருக்கு மெய்யாகவே நோய் இருப்பதாகவும், வினாத்தாள் நோயுற்றோரில் நூற்றுக்கு எண்பது பேரைப் பிடிப்பதாகவும், நோயற்றோரில் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தவறாகச் சேர்ப்பதாகவும் வைத்துக்கொண்டால், நாற்பது நோயாளிகளும் தொண்ணூற்றைந்து ஆரோக்கியர்களும் ஒரே பட்டியலில் வருவர். நோய் அரிதாயுள்ள ஊரில், நல்ல கருவியும் மூன்றில் ஒருவரைக்கூடச் சரியாகக் காட்டாது.

ஆகவே ஒன்பது கேள்விப் பட்டியலில் பத்து மதிப்பெண்ணைத் தொட்டவரை, மருத்துவர் அமர்ந்து விசாரிக்க வேண்டியவர் என்று கொள்ளலாமேயன்றி நோயாளி என்று முத்திரையிடலாகாது. களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை என்பவை அப்பட்டியலின் கேள்விகள்; இவையே நாற்பதாண்டு உழைத்து மூட்டு தேய்ந்த முதியவரின் அன்றாட அனுபவங்களுமாம். விசாரிக்க யார் இருக்கிறார் என்பதே அடுத்த கேள்வி. 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், நடைமுறைக்கு வந்த 2010 முதல், சமூக மனநல மையங்களுக்கு இடமளிக்கிறது. 2016இன் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் மருத்துவ உளவியலாளர் தொழிலைப் பதிவுக்குரியதாகச் சேர்த்தது. இருப்பினும் சிகாமட் கிளினிக்கில் அதிக மதிப்பெண் பெற்ற ஒருவரிடம், தமிழிலேயே, அரைமணி நேரம் பேசி, உடல்வலி எது, மனத்துயர் எது என்று பிரித்தறியும் வேலை இன்னும் வினாத்தாளால் செய்யப்படாத வேலையாகவே இருக்கிறது.